ஷென்டன் வே பக்கம் உயரமான கொண்டோவில் குடியேறப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் வேலை மாறி, சம்பளமும் கூடி, ஆபீஸுக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு எடுத்தால் என்ன என்று யோசிக்கிறவர்கள் கடைசியில் ராஃபிள்ஸ் பிளேஸ், மரினா பே, ஷென்டன் வே, தஞ்சோங் பகார் இந்த நாலு இடத்தைச் சுற்றித்தான் வந்து நிற்பார்கள். ஐம்பது மாடி, அறுபது மாடிக் கொண்டோக்கள் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகள்), கூரை மேல் நீச்சல் குளம், கண்ணாடிச் சுவருக்கு வெளியே கடல். வாடகையும் அதற்கேற்ற மாதிரிதான். பணத்தைக் கொட்டி ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்துகொள்கிற விஷயங்களை முன்னாலேயே தெரிந்துகொண்டால் நல்லது, அதற்குத்தான் இது.

முதலில் ஒன்று. இந்த விலைக்கு வீடு உள்ளே எப்படியும் அழகாகத்தான் இருக்கும். பளிங்குத் தரை, ஜெர்மன் அடுப்பு, பெரிய கண்ணாடி எல்லாம் பக்கத்துக் கட்டடத்திலும் உண்டு. அன்றாட வாழ்க்கை நன்றாகப் போகுமா என்பது கட்டடத்தின் விதிகளையும், லிஃப்டையும், வெயில் விழுகிற திசையையும், கீழே இருக்கிற தெருவையும் பொறுத்தது. வீடு பார்க்கப் போகும்போது உங்கள் கண் அங்கேதான் இருக்க வேண்டும்.

வீடு பார்க்கும் நேரம்

ஏஜென்ட் பெரும்பாலும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொல்வார். அந்த நேரத்தில் தெரு அமைதி, லிஃப்ட் காலி, வெயில் இன்னும் மேற்கே சாயவில்லை. போய்ப் பாருங்கள், ஆனால் அதோடு முடிவெடுக்காதீர்கள். வேலை நாளில் காலை எட்டரைக்குக் கீழே லாபியில் போய் நின்று லிஃப்ட் எப்படி வருகிறது என்று பாருங்கள். தி செயில் என்கிற கொண்டோ மாதிரி 1,111 வீடுகள் இருக்கிற இடத்தில், எத்தனை லிஃப்ட் உங்கள் மாடிக்கு நிற்கும், அதில் ஒன்று பழுதுபார்ப்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் தினமும் உங்களைப் பாதிக்கிற கேள்விகள். காவலாளியிடம் நட்பாகக் கேட்டாலே உண்மை வந்துவிடும்.

அடுத்து, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை. சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் மேற்குப் பார்த்த கண்ணாடிக்கு வருஷம் முழுக்க வெயில் உண்டு, சீசன் மாறினால் குறையும் என்ற கதையே இல்லை. உள்ளங்கையை அந்தக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றுகிற சூடு இருந்தால், அந்த அறையில் ஏர்கான் நின்ற பத்து நிமிஷத்தில் என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, கரண்ட் பில்லும் அதைச் சொல்லிவிடும். வடக்கு, தெற்குப் பார்த்த வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கேட்டாலும் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

கட்டுமானச் சத்தம் இன்னொன்று. 2019-இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் பழைய ஆபீஸ் கட்டடங்களை இடித்து வீடும் ஹோட்டலும் கலந்த கட்டடங்களாக மாற்ற ஊக்கத் திட்டம் கொண்டுவந்ததிலிருந்து ஆன்சன் ரோடு, செசில் ஸ்திரீட், ஷென்டன் வே, ராபின்சன் ரோடு பக்கமெல்லாம் எங்காவது ஒரு கிரேன் நின்றுகொண்டே இருக்கிறது. குடியிருப்புக்கு 150 மீட்டருக்குள் நடக்கும் கட்டுமானம் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் நடக்கக்கூடாது என்பது விதி, மற்ற நாட்களில் காலை ஏழு மணியிலிருந்து சத்தம் வரலாம். ஜன்னலில் நின்று கீழே பாருங்கள்: தகர வேலி போட்ட மனை, பச்சை வலை சுற்றிய பழைய கட்டடம், தரைமட்டப் பார்க்கிங் எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, எந்த மனையில் எதற்கு அனுமதி என்று அதில் தெரியும். கடல் தெரிகிறது என்று மாதம் கூடுதலாகக் கொடுக்கிற காசு, எதிரில் இன்னொரு கோபுரம் எழும்பினால் வீண்.

மரினா பே பார்த்த வீடு என்றால் ஆண்டு விழாக்களையும் கணக்கில் எடுங்கள். 2008-இலிருந்து நடக்கிற எஃப்1 இரவுப் பந்தயம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும், அந்த வார இறுதியில் சாலைகள் அடைபடும், கார் சத்தம் மேல்மாடி வரை கேட்கும். ஆகஸ்ட் 9 தேசிய தினத்துக்கு முன்னால் சனிக்கிழமைகளில் ஒத்திகை, தலைக்கு மேல் போர் விமானம். புத்தாண்டு இரவில் வாணவேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்தில் உங்கள் வீட்டுக்கு நீங்களே போய்ச் சேர நேரமாகும். சிலருக்கு இதற்காகவே அங்கே இருக்கப் பிடிக்கும், நானும் வாணவேடிக்கையை ரசிப்பவன்தான். ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேறு கணக்கு.

காசும் காகிதமும்

ஏஜென்ட் சொல்கிற வாடகையை அப்படியே நம்ப வேண்டாம். தனியார் குடியிருப்புகளில் பதிவான வாடகை ஒப்பந்தங்களை அதே மறுசீரமைப்பு ஆணையம் கட்டடவாரியாக வெளியிடுகிறது. உங்கள் கட்டடத்தில் அதே அளவு வீடு கடைசி மூன்று மாதத்தில் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசினால், பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஏஜென்டின் பெயரையும் பதிவெண்ணையும் சொத்து முகவர் மன்றத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். ஒரே ஏஜென்ட் வீட்டுக்காரர், குடியிருப்பவர் ரெண்டு பேருக்கும் சேர்த்து வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்காது, விளம்பரம் போட்டவர் வீட்டுக்காரருடைய ஆள் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள். கையெழுத்துப் போடுபவர்தான் உண்மையான உரிமையாளரா என்பதைச் சிங்கப்பூர் நில ஆணையத்தில் சின்னக் கட்டணம் கட்டிச் சரிபார்க்கலாம். அதைச் செய்யாமல் டெபாசிட் அனுப்பவே அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் சாவி போட்டோ காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வழக்கம் இதுதான்: ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாத டெபாசிட், ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு மாதம். தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம், வாரக் கணக்கில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். முத்திரைத் தீர்வையைக் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும், நாலு வருஷம் வரையான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரெண்டு வருஷம் என்றால் மொத்தம் 1,20,000, தீர்வை 480 வெள்ளி. கையெழுத்தான 14 நாளுக்குள் கட்டிவிடுங்கள், முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நாளைக்கு வழக்கு என்று வந்தால் ஆதாரமாக ஏற்க மாட்டார்கள்.

வேலை அனுமதியில் இருப்பவர்கள் விடாமல் கேட்க வேண்டியது டிப்ளமாட்டிக் கிளாஸ். வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, பொதுவாக 12 மாதம் ஆன பிறகு ரெண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேற அது இடம் தரும். அந்தப் பத்தி இல்லாமல் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு, நடுவில் வேலையும் போனால், மீதி வாடகை தலையில் விழும். ரிப்பேர் பத்தியையும் படியுங்கள்: சின்ன ரிப்பேரில் முதல் இத்தனை வெள்ளி உங்களுடையது, அதற்கு மேல் வீட்டுக்காரருடையது என்று ஒரு வரம்பு இருக்கும். அது ஒவ்வொரு ரிப்பேருக்கும் தனித்தனியா, புதிதாகக் குடிவந்த முதல் மாதத்தில் கண்ட பழுது யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏர்கானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து ரசீது வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கும், ரசீதுகளைக் காலி செய்யும் வரை பத்திரப்படுத்துங்கள்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 2023 ஏப்ரல் 27-இலிருந்து வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 60 சதவீதம், வர்த்தக ஒப்பந்தச் சலுகை உள்ள சில நாட்டவர் தவிர. நிரந்தரவாசியாகும் வரை வாடகைதான் நமக்குச் சரி.

சமையல்

தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கேதான் அதிகம் உரசல் வரும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். சில வீட்டுக்காரர்கள் 'லைட் குக்கிங்' (லேசான சமையல் மட்டும்) என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். வாயால் சிரித்துக்கொண்டே 'பரவாயில்லை' என்று சொன்னாலும், ஒப்பந்தத்தில் அந்த வார்த்தை இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விலகிவிடுங்கள். தினமும் சாம்பார் வைக்கிற வீட்டில் ரெண்டு வருஷம் பயந்து பயந்து தாளிக்க முடியாது. அண்டை வீட்டுக் குழம்பு வாசனையைப் பற்றி முன்பு எழுந்த ஒரு புகார் 2011-இல் செய்தியாகி, அதற்குப் பதிலாக சிங்கப்பூரர்கள் இனம் பார்க்காமல் ஒரே நாளில் எல்லோரும் கறி சமைத்துப் பகிர்ந்தார்கள். ஊரின் மனசு பெரிதுதான். ஆனாலும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும்.

சமையலறையில் பார்க்க வேண்டியது மூன்று. முதலில், அது ஹாலோடு திறந்து கிடக்கிறதா, கதவு போட்டு மூடலாமா. நகர மையத்துக் கோபுரங்களில் ஒரு படுக்கையறை, ரெண்டு படுக்கையறை வீடுகளில் பெரும்பாலும் திறந்த சமையலறைதான், மீன் வறுத்தால் அன்றைக்கு சோபாவும் திரைச்சீலையும் சேர்ந்தே மணக்கும். ரெண்டாவது, அடுப்புக்கு மேலே இருக்கிற ஹூட் புகையை வெளியே தள்ளுகிறதா, கரி வடிகட்டி வழியாகச் சுற்றி உள்ளேயே விடுகிறதா. ஹூடைப் போட்டுவிட்டு அலமாரிக்கு மேலே கையை வையுங்கள், காற்று உங்கள் முகத்துக்கே திரும்பி வந்தால் அது வெளியே போகவில்லை. மூன்றாவது, கேஸா இண்டக்‌ஷனா. இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினிய இட்லிப் பானை, பித்தளை, மண்சட்டி எதுவும் சூடாகாது. தட்டையான இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும்.

மஞ்சளும் புளியும் பளிங்குக்குப் பகை. மஞ்சள் வெள்ளை மேடையில் ஒரு ராத்திரி கிடந்தால் கறை இறங்கிவிடும். புளிக்கரைசலும் எலுமிச்சையும் இன்னும் மோசம், பளிங்கின் சுண்ணாம்பை அரித்து மெருகையே எடுத்துவிடும். துடைத்த பிறகும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் டம்ளர் அடி வட்டமாக மங்கலாகத் தெரியும், அதைத் தேய்த்து எடுக்க முடியாது, மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும், அந்தச் செலவு டெபாசிட்டில் கழியும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை நிரந்தரமாக வைத்து, அஞ்சறைப்பெட்டி, கரண்டி, புளிக் கிண்ணம் எல்லாம் அதன் மேலேயே இருக்கட்டும்.

சாமிக்கு விளக்கேற்றத் தடை இருக்காது, சாம்பிராணி மட்டும் புகை உணர்கருவிக்கு நேர் கீழே வேண்டாம். கருவி மேல் பிளாஸ்டிக் கவர் போடுவதும் ஆபத்து. வாசலில் கோலம், செருப்பு ஸ்டாண்ட் வைக்க நினைத்தால் முதலில் நிர்வாக அலுவலகத்தைக் கேளுங்கள், நடைபாதை பொது இடம், தீ விபத்தில் வெளியேறும் வழியும் கூட.

குடிபோகும் நாள்

சாமான் லாரியைக் கூப்பிடும் முன் நிர்வாக அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சாமான் ஏற்ற ஒரு லிஃப்டை ஒதுக்கித் தருவார்கள், அதற்கு நேரமும் டெபாசிட்டும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அனுமதி கிடையாது. எத்தனை நுழைவு அட்டை தருவார்கள், வீட்டு வேலைக்கு வருபவருக்கு என்ன நடைமுறை, உணவு டெலிவரி மேலே வருமா கீழேயே நிற்குமா எல்லாம் அங்கேயே கேட்டுவிடலாம். மின்சாரம், தண்ணீர் இணைப்பை எஸ்பி குழுமத்தில் உங்கள் பெயரில் திறக்க வேண்டும். உறவினர் அல்லாத நண்பர்கள் சேர்ந்து எடுக்கிறீர்கள் என்றால் ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது, எல்லோர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

சாவி வாங்கிய அன்றே, சாமான் உள்ளே வருவதற்கு முன்னால், வீடியோ எடுங்கள். தரைக் கீறல், கதவு மூலை, குளியலறை சிலிக்கான் கருப்பு, அலமாரி உட்புறம், ஏர்கான் ரிமோட் எண்ணிக்கை வரை. எடுத்ததை வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள், போனில் மட்டும் வைத்திருப்பது போதாது.

உயரத்தில் காற்று

நாற்பதாவது மாடியில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசல் கதவையும் திறந்தால் காற்று ஊடுருவி உள்ளறைக் கதவுகள் படார் என்று அடிக்கும், விரல் நசுங்கினால் சாதாரணக் காயமாக இருக்காது. குழந்தை இருக்கிற வீட்டில் ஒவ்வொரு கதவுக்கும் தடுப்பு வைக்காமல் இருக்கவே கூடாது. பால்கனியில் ஏறக்கூடிய நாற்காலி, தொட்டி எதையும் கைப்பிடி ஓரத்தில் வைக்காதீர்கள். துணி காயப்போட பெரும்பாலான கொண்டோக்கள் வெளியே தெரிகிற மாதிரி அனுமதிக்காது, காற்றில் பறந்து கீழே விழுகிற ஒரு கிளிப்பே ஆளைக் காயப்படுத்தும், மேலிருந்து பொருள் விழுவதை இங்கே குற்றமாகத்தான் பார்க்கிறார்கள். துணி உலர்த்தும் இயந்திரம் இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே கவனியுங்கள். துளசித் தொட்டி வைக்கலாம், அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு.

தீ என்று அலாரம் அடித்தால் லிஃப்ட் கிடையாது. நாற்பது மாடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் இருபது மாடிக்கு மிகாத இடைவெளியில் ஒரு தஞ்சத் தளம் (தீ நேரத்தில் ஒதுங்கி நிற்கும் மாடி) இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. உங்களுக்குப் பக்கத்துத் தஞ்சத் தளம் எது, எந்தப் படிக்கட்டு அங்கே போகிறது என்று வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு தடவையாவது நடந்து பார்த்துவிடுங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்கள் கூட இருந்தால் நான் இருபது மாடிக்குக் கீழேதான் வீடு எடுக்கச் சொல்வேன், கடல் தெரியாவிட்டாலும்.

சாப்பாடு, கடை, கோயில்

வேலை நாளில் மதியம் அமோய் ஸ்திரீட் உணவங்காடியில் உட்கார இடம் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை போனால் பாதிக்கு மேல் கடை மூடியிருக்கும். மொத்தப் பகுதியே அப்படித்தான், ஆபீஸ் போகிறவர்களை நம்பி நடக்கிற தெருக்கள். லாவ் பா சாட் பக்கம் சாயங்காலமானால் பூன் டாட் ஸ்திரீட்டையே அடைத்து சத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடுவார்கள், அதற்கு நேர் மேலே தாழ்ந்த மாடியில் வீடு என்றால் புகையையும் யோசியுங்கள். காய்கறி, மீனுக்குத் தஞ்சோங் பகார் பிளாசா சந்தை இருக்கிறது. கறிவேப்பிலை, இட்லி மாவு, முருங்கைக்காய்க்கு லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைதான். சைனாடவுன் நிலையத்தில் வடகிழக்குப் பாதையில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா, தெலுக் ஆயரிலிருந்து டவுன்டவுன் பாதையிலும் மாறாமல் போகலாம். கார் வைத்திருப்பது இங்கே தேவையே இல்லை, சாலைக் கட்டணக் கணக்கும் பார்க்கிங்கும் சேர்ந்து மனசை நோகடிக்கும்.

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்து தங்கும்போது பகல் முழுக்க மேலேயே தனியாக உட்கார வைத்துவிடாதீர்கள், வெறிச்சென்று இருக்கும். கீழே நடந்து போகிற தூரத்திலேயே நம் ஆட்களின் பழைய சிங்கப்பூர் இருக்கிறது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், ஐப்பசியில் தீமிதி. அதே தெருவில் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா, அப்போது அந்தத் தெருதான் கடற்கரை. இன்றைக்கு வங்கிக் கோபுரங்கள் நிற்கிற மார்க்கெட் ஸ்திரீட்டில்தான் நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்தினார்கள். காலை ஏழரைக்கு, வெயில் ஏறும் முன், இந்த நாலையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து ஊருக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசுவார்.

காலி செய்யும்போது

நோட்டீஸை வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லாமல் ஒப்பந்தம் சொன்ன முறையில் எழுத்தில் கொடுங்கள். ஏர்கானுக்குக் கடைசி சர்வீஸ், திரைச்சீலை டிரை கிளீனிங், வீடு முழுக்கச் சுத்தம் எல்லாவற்றுக்கும் ரசீது. சாவி ஒப்படைக்கிற நாளில் நீங்கள் கட்டாயம் நேரில் இருங்கள், பழைய வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். ரெண்டு வருஷம் ஆள் வாழ்ந்தால் வருகிற இயல்பான தேய்மானத்துக்குக் காசு பிடிக்க முடியாது, கறையும் உடைசலும் வேறு. டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும், பெரும்பாலும் 14 நாள். அதைத் தாண்டியும் சாக்குச் சொன்னால், ரெண்டு வருஷத்துக்கு மிகாத குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை. ரசீதும் வீடியோவும் முத்திரை போட்ட ஒப்பந்தமும் கையோடு எடுத்துப் போங்கள்.